ஒற்றைச் செருப்போடு போன நாள்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு வலது கால் செருப்பு இருக்கிறது. வார் இற்று, நிறம் போய்விட்டது. அதன் ஜோடி எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், சின்னாளப்பட்டியில் திண்டுக்கல் பஸ் ஏறும்போது தள்ளுமுள்ளில் கழன்று விழுந்திருக்க வேண்டும். விழுந்தது எனக்குத் தெரியவில்லை. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

அப்போது நான் குழித்தறியில் சேலை நெய்துகொண்டிருந்தேன். காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கும் வேலை. மூன்று மாதமாக இடுப்பு வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. தறியில் உட்கார முடியாத மருமகளை வீட்டில் என்ன செய்வார்கள் என்ற பயம் வேறு. திண்டுக்கல்லில் எலும்பு வைத்தியம் பார்க்கும் ஒரு பாய் இருந்தார். ஆண்களுக்கு முன்னறையில் அவர் பார்ப்பார். பெண்களுக்கு உள்ளறையில் அவர் மனைவி. அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு அக்கா கை பட்ட மறுநாளே இடுப்பு நிமிர்ந்ததாம். சடக்கென்று ஒரு சத்தம் கேட்கும், வலி போய்விடும் என்ற நினைப்பில் நானும் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் பார்த்தேன், இடது கால் வெறுங்காலாக இருந்தது. நல்ல உச்சி வெயில். அக்கா நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, ஒத்தச் செருப்போடவா வந்தே? ரோடு இம்புட்டுக் கொதிக்குதே, சுடலையா?”

“குழியில உக்காந்தா காலு மரத்துப் போறது வழக்கந்தானக்கா” என்றேன்.

எங்கள் தெருவில் யாரும் அதை நோய் என்று நினைத்ததில்லை. பசி மாதிரி, தினமும் வரும், போகும். எனக்குச் சில வாரமாகப் போகவேயில்லை என்பதை அவர்தான் கேட்டு வாங்கினார். நடக்கச் சொன்னார். குதிகாலில் நிற்கச் சொன்னார். இடது கால் நிற்கவில்லை. பிறகு கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்றுக் குச்சியால் தொடுவேன், எந்த விரல் என்று சொல் என்றார். காத்திருந்தேன்.

“தொடுங்கக்கா.”

“தொட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்.”

ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று காதோடு கேட்டுவிட்டு எழுந்துகொண்டார். “நான் கை வைக்க மாட்டேன். இது நரம்பு சமாச்சாரம். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.”

“செத்த நேரம் அமுக்கிவிட்டாப் போதும்க்கா.”

“அமுக்கினா காலே போயிரும். போ தாயி.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. வழியெல்லாம் அவரைத் திட்டினேன். மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். யாராவது முறுக்கியிருந்தால் கால் திரும்பியிருக்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். மாதங்கள் கழித்து மறுபடி தறியில் உட்கார்ந்தேன். டாக்டர் சம்மதித்ததும் அக்காவிடம் போனேன், அழுதேன். அன்றுதான் அவர் முதன்முதலாக எனக்குக் கை வைத்தார். வலித்தது இடுப்பு, அவர் நெடுநேரம் நீவியது தொடையை. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

போன மாதம், மதுரையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் வந்தாள். இடுப்பு வலிக்கு, மருந்தில்லாமல் கையாலேயே நீவியும் அசைத்தும் சரிசெய்யும் ஆஸ்டியோபதி பார்க்கப் போகிறாளாம். “எலும்ப முறிச்சிருவாங்களா அத்தை?” என்று பயந்தாள். மாட்டார்கள் என்றேன். நிறையக் கேள்வி கேட்பார்கள். நிற்கவும் குனியவும் சொல்லிப் பார்ப்பார்கள். வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கை வைத்தால் மிரளாதே. ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாம். பிடிக்காவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். சத்தம் வந்தால்தான் குணம் என்று மட்டும் நினைக்காதே.

அங்கே கொடுத்திருந்த படிவத்தை என் எதிரில் உட்கார்ந்து நிரப்பினாள். கால் மரத்துப்போகிறதா என்ற கேள்வியைத் தாண்டிப் போனாள்.

“அத ஏன்டி விட்டுட்டே?”

“நாள் பூரா உக்காந்தா யாருக்குத்தான் மரத்துப் போகாது அத்தை?”

பெட்டியைத் திறந்து அந்தச் செருப்பை எடுத்து அவள் முன்னால் போட்டேன். கதையைச் சொன்னேன். அவள் தன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து எழுதினாள்: ஆமாம், இடது கால், இரண்டு வாரமாக.