தழும்பை அழிக்கத் தெரியாத டெப்

எனக்கு எதையும் சட்டென்று நம்ப வராது. பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் போர்டு தெளிவாகத் தெரிந்தாலும் கண்டக்டரிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த மகன் ஒரு பெரிய போனை என் கையில் வைத்தபோதும், சந்தோசப்படுவதற்கு முன்னால் சந்தேகப்பட்டேன். இவ்வளவு பெரிய போனை எதற்கு வாங்கித் தருகிறான், என்னிடம் என்ன கேட்கப் போகிறான் என்றுதான் முதலில் தோன்றியது.

அவன் கேட்டது டெப்பை. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது மகளின் கடைசி வருசப் பாடத்துக்காக வாங்கிய, சிலேட்டு மாதிரிச் சின்ன டெப் அது. ஒரு மூலை உடைந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. சிம் போட இடம் கிடையாது. மகன் போனையும் டெப்பையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினான்.

"பாருங்கம்மா, ஒரு வெரல் அகலந்தான் வித்தியாசம். போனே இவ்வளவு பெருசா வந்த பொறகு இந்த டெப் என்னாத்துக்கு? ஹட்டன்ல போன் கடைக்கார நானாகிட்ட தள்ளி விட்டுருவோம்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மகள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "டெப்ப தர மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பொகவந்தலாவை பஜாரில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிற பிள்ளை, வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டதே கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு ஓட்டை டெப்புக்கு ஏன் அடம்பிடிக்கிறாள்? எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் கொழும்பில் லிப்ட் பழுதுபார்க்கிற வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். மகளுக்கு இருபத்து நான்கு வயது. இதற்கு முன்னால் வந்த மூன்று இடமும் வந்து பார்த்து, டீ குடித்து, "சொல்லி அனுப்புறோங்க" என்று போய், ஒன்றும் சொல்லி அனுப்பாமல் விட்ட இடங்கள். காரணம் என் மகளின் இடது கன்னம். கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து கழுத்து வரைக்கும் சுட்ட தழும்பு. இந்த முறையும் தவறிவிட்டால் பிள்ளை இனி யாருக்கும் முன்னால் வந்து நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள்.

மகன் புதுப் போனில் அவளைப் படம் எடுத்தான். எடுத்துவிட்டு என்னிடம் காட்டினான். ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தழும்பைக் காணவில்லை! முகம் பால்கோவா நிறத்தில் இருந்தது. மூக்குக்கூடக் கொஞ்சம் சிறுத்த மாதிரி எனக்குப் பட்டது.

"என்னடா இது, நீ ஏதாவது பண்ணினியா?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா, போன் தானா செய்யுது."

மகள் எட்டிப் பார்த்தாள். "இது யாரும்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டு, "அதையே அனுப்பு" என்று மகனிடம் சொன்னேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தழும்பு பிள்ளைக் காம்பராவில் வந்தது என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். தோட்டத்தில் வேலைக்குப் போகிற தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. உண்மையில் அது எங்கள் லயத்து வீட்டில், என் அடுப்படியில், என் கையால் வந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு கையில் கூடைக் கயிறு, ஒரு கையில் கொதிக்கிற தேயிலைச் சாயத் தண்ணிக் கேத்தல். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் அதட்டிக்கொண்டே திரும்பினேன். கேத்தல் சாய்ந்துவிட்டது.

என் புருசன் ராத்திரி வேலை முடிந்து பேக்டரியிலிருந்து இன்னும் வரவில்லை. அலறுகிற பிள்ளையின் கன்னத்தில் பற்பசையைப் பூசி, துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு காம்பராவுக்கு ஓடினேன். ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் சுட்டுருச்சுக்கா, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக்கு ஓடினேன். ஆமாம், பெரட்டுக்குத்தான் ஓடினேன். ஆயாதான் துணியைப் பிரித்துப் பார்த்துப் பதறி, ஆளைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சாயந்திரம் புருசன் என் தலைமயிரைப் பிடித்து "எங்கடி சுட்டுச்சு?" என்று கேட்டபோது, என் வாயிலிருந்து "காம்பராவுல" என்று வந்துவிட்டது. ஆயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமே தோட்டத் துரை அவரைக் காம்பராவிலிருந்து எடுத்து மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார். இருபத்தோரு வருசம் ஒரே மலையில் வேலை செய்தோம். என் பக்கத்துத் தேயிலை நிரை அவருக்கு விழுந்தால் கங்காணியிடம் சொல்லி மாற்றிக்கொள்வார். என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. மகள் மேலும் அதே கண்தான். டெப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். கடையிலிருந்து வந்ததும் கதவோரம் திரும்பி உட்கார்ந்து அதை எடுத்தாள். கையில் பெரிய போன் இருக்கும்போது இந்தச் சின்னதில் அப்படி என்ன ரகசியம்? எவனோ ஒருவன் இருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் டெப்பை எடுத்து நோண்டினேன்.

எவனும் இல்லை. எல்லாம் அவள் படங்கள்தான். இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு, முடியை ஒதுக்கிவிட்டு, ஒரே மாதிரி நூறு படம். தழும்பு அப்படியே இருந்தது. இதையெல்லாம் யாருக்கு அனுப்புகிறாள்? தலையில் துவாயோடு அவள் உள்ளே வந்தபோது நான் டெப்பும் கையுமாக நின்றேன்.

"யாருக்குடி அனுப்புற?"

"யாருக்கும் அனுப்பலம்மா. அந்த போன் எடுத்தா எம் மொகத்த அழிச்சிருது. இதுலதான் நான் இருக்கேன்."

சொல்லிவிட்டு டெப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நானும் விட்டுக் கொடுக்காமல், "பெரிய பேச்சு பேசுற" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். கண் கலங்கிவிட்டது, அவள் பார்க்கக் கூடாது.

மறுவாரம் பையனின் படம் வந்தது. பார்த்ததும் சந்தேகம் மறுபடி கிளம்பியது. ஒரு பரு இல்லை, ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. மனுசன் முகமா அது, புதுச் சவர்க்காரக் கட்டி மாதிரி மழமழவென்று இருந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். நானே அதையேதான் செய்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை, பாருங்கள்.

அவர்கள் பொண்ணு பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. "வீடியோவுல பேசுவோங்க" என்று பையன் சொன்னான். நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்.

"பெரிய போன் வேணாம். அது எல்லாரையும் வெள்ளையடிச்சுக் காட்டும். டெப்புல பேசுவோம், அவன் நெச மூஞ்சிய பாக்கணும்."

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "சரிம்மா, டெப்புலயே பேசுவோம்" என்றாள். சிக்னல் கிடைக்கிற ஜன்னலில் பெரிய போனைச் சாய்த்து வைத்து, அதிலிருந்து டெப்புக்கு நெட் எடுத்தாள். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டினாள். "முன்னால கொஞ்சம் விடு" என்றேன். விடவில்லை.

டெப்பில் பையன் வந்தான். அதே சவர்க்காரக் கட்டி! கீழ்மூலையில் சின்னப் பெட்டியில் என் மகள் இருந்தாள், தழும்போடு. பக்கத்தில் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் நான் இருந்தேன். அப்போதுதான் விளங்கியது. முகத்தைப் பூசுவது எடுக்கிறவன் கையிலுள்ள போன், பார்க்கிறவன் கையிலுள்ளது இல்லை. அவனைப் பிடிக்கப் போட்ட வலையில் என் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

பையன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். மகள்தான் முந்திக்கொண்டாள்.

"இதுதான் எம் மொகம். ஒங்க போன்லயும் அந்த வெள்ளையாக்குறத நிப்பாட்டுங்க, நாங்களும் பாக்கணுமே."

அவன் வெட்கப்பட்டுச் சிரித்து எதையோ அழுத்தினான். கறுப்பாக, கன்னமெல்லாம் பருக்குழியோடு ஒரு பிள்ளை வந்தான். மகள் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டுக் கன காலம்.

அவன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்னா புள்ள, சுட்டதா?" என்று கேட்டார்.

மகள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். இருபத்தோரு வருசமாகச் சொல்லிப் பழகிய பேச்சு, தானாக வந்தது. "சின்னதுல ஒரு நாள் காலையில கொண்டுபோய் விட்டதுமே பிள்ளைக் காம்பராவுல சுட்டுருச்சுங்க. ஆயா சரியா பாத்துக்கல."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். "காம்பராவுலயா? நான் இருபத்தஞ்சு வருசம் எங்க தோட்டத்துல காம்பரா ஆயாவா இருந்தேங்க. பால் காய்ச்சுறது வெளிய குசினியில. ஆறவெச்சுத்தான் உள்ளுக்கே கொண்டாருவோம். காலையில புள்ளைங்க வந்து சேர்ற நேரத்துல சுடுறதுக்கு அங்க என்னா இருக்கு?" பிறகு கேட்டார், "அந்த ஆயாவுக்கு என்னா ஆச்சுங்க?"

பையனைப் பற்றி நான் விசாரிக்காத விசயம் இல்லை. குடிப்பானா, கூட்டாளிகள் யார், எல்லாம் கேட்டேன். அம்மா என்ன வேலை செய்தார் என்று மட்டும் கேட்கவில்லை.

மூலைப் பெட்டியில் என் முகம் தெரிந்தது. பொய் சொல்லும்போது என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்போல. அந்த டெப் எதையும் பூசவில்லை. மகள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைக்கு அனுப்பிட்டாங்க" என்றேன். "ஆயா மேல தப்பு இல்லைங்க. கேத்தல் எங் கையிலதான் இருந்துச்சு."

அந்தம்மா கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு, "பெரட்டு நேரமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எத்தன பேர பாத்திருக்கேன்" என்றார். அதில் இரக்கம் இருந்தது, ஆனால் குரல் இளகவில்லை. "தழும்பு எங்களுக்கு ஒரு விசயமே இல்லைங்க. புள்ள நல்லா பேசுது. ஆனா மொதல்ல அந்த ஆயாகிட்ட போயி சொல்லுங்க. சொல்லிட்டு எனக்கு போன் எடுங்க. அப்புறம் எம் மவன கூட்டிக்கிட்டு நான் வர்றேன்."

டெப் அணைந்தது. மகள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து டெப்பைத் துவாயில் சுற்றினாள்.

"கோயில்ல, கடையில, எங்க பாத்தாலும் அந்த ஆயாவ மொறைச்சுக்கிட்டே போவேம்மா" என்றாள். "வாங்க போவோம்."

"இந்த மழையிலயா?"

"இப்பத்தான்."

ஆயாவின் வீடு கீழ் லயத்து வரிசையில் கடைசி வீடு. கதவைத் திறந்தவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். மகள் ஒதுங்கி நின்று என்னை முன்னால் விட்டாள். நான் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. ஆயா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"ஒம் புருசன் இருந்தப்ப இத சொல்லியிருக்கலாமே" என்றார். "அவரு சாகுற வரைக்கும் என்னய பாத்தா காறித் துப்பிட்டுத்தானே போவாரு."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆயா மகளின் பக்கம் திரும்பி, அந்தக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ உள்ள வா புள்ள, நனையாத."

மகள் டெப்பை நெஞ்சோடு பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்துதான் கிடந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.