தேரன்று தலை பின்னியவர்

எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் சுவிஸிலிருந்து ஊருக்குப் போய் நின்ற அந்த மூன்று கிழமையும், இருபத்தொரு நாளும், யாரும் ஓர் உண்மையைக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

சுவிஸில் அம்மா டிராம் ஓட்டினார். விடியுமுன்னரே சீருடை போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார். தம்பி பிறந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் நிற்கவேண்டி வந்தது. அம்மாவுக்கு நிரந்தர வேலை. அப்பாவின் உணவக வேலையோ இன்றைக்கு இருந்தால் நாளைக்கு இல்லை. ஆகவே அப்பா நின்றார். சமைத்தார், துவைத்தார், எங்களைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனார், காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போட்டார். இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பேச நிறைய இருக்கிறது என்பது எங்கள் ஊரான மடத்துவெளியில் வான் வண்டி வந்து நின்றதும் தெரிந்தது. அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் மாமி, வாசல் படலையடியிலேயே அப்பாவின் கையிலிருந்த தம்பியைப் பறித்து அம்மாவின் இடுப்பில் வைத்தார். அப்பாவுக்கு விறாந்தையில் ஒரு கதிரை, அம்மாவுக்குக் குசினி. ஒரே நிமிடத்தில் எங்கள் குடும்பத்தைக் கழற்றி மாற்றிப் பூட்டியாயிற்று. அப்பாவும் சரி அம்மாவும் சரி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் கூத்து. அப்பா கதிரையில் இருந்து பேப்பர் படித்தார். படித்த பக்கத்தையே திருப்பித் திருப்பிப் படித்தார். வருகிறவர்கள் அங்கே என்ன வேலை என்று விசாரித்தால், ஓம், ஏதோ போகுது என்று ஒரு பதில். அம்மா விறகடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். குழம்பில் ஒருநாள் உப்புக் கூடும், மறுநாள் உப்பே இருக்காது. தம்பிக்கோ அப்பா குழைத்துத் தந்தால்தான் சோறு இறங்கும். அவன் பசியில் கத்துவான், அப்பா கதிரையிலிருந்து பாதி எழும்புவார், மாமி ஒரு பார்வை பார்ப்பார், அப்பா மறுபடி கதிரையில் இருந்துவிடுவார். வளர்ந்த மனிதர்கள் இத்தனை பேர் சேர்ந்து ஒரு சின்னப் பிள்ளையைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதையெல்லாம்கூட எப்படியோ சகித்துக்கொண்டேன். கடைசிக் கிழமையில் கோயில் தேர் வந்தது. அன்றைக்குத்தான் என் பொறுமை போனது.

என் தலைமயிர் சுருள், அடர்த்தி, பிடிவாதமும் உண்டு. அதன் குணம் அப்பாவுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து சிக்கெடுத்து, சின்னவிரல் நகத்தால் வகிடு பிரித்து இரட்டைப் பின்னல் போடுவார். அன்று காலை வீட்டின் நடு ஹோல் நிறையப் பெண்கள், பூ வைப்பதும் பொட்டு வைப்பதுமாக. அம்மா சீப்போடு வந்து என்னைப் பாயில் இருத்தினார். உச்சியில் வைத்து ஒரே இழுவை. சீப்பு பாதியில் மாட்டிக்கொண்டது. நெற்றி நடுவில் தொடங்கிய வகிடு காதுப்பக்கம் போய் முடிந்தது. பின்னினார், அவிழ்த்தார், திரும்பவும் பின்னினார். கோயில் மேளம் கேட்கத் தொடங்கிவிட்டது. மற்றப் பிள்ளைகளெல்லாம் வெளிக்கிட்டு வாசலில் நின்றார்கள். ஆடாமல் இருங்கோ குஞ்சு, ஆடாமல் இருங்கோ என்று அம்மா காதருகே கெஞ்சினார். எனக்கு அதுவும் எரிச்சலாகவே இருந்தது.

அடுத்த இழுவையில் உயிர் போய் வந்தது. கல் தடுக்கினாலும் முள் குத்தினாலும் ஊரில் எல்லாரும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். நான் "ஐயோ அப்பா" என்று வீடு அதிரக் கத்தினேன்.

விறாந்தையில் கதிரை விழுந்த சத்தம் கேட்டது. அப்பா உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து சீப்பை வாங்கினார், ரிபனை வாயில் கவ்விக்கொண்டார், செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தார். மளமளவென்று இரண்டு பின்னலும் விழுந்தன. பெண்கள் பூ வைப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் கேட்டார், அண்ணை சுவிஸிலை சலூன் வைச்சிருக்கிறாரோ என்று.

அப்பா வாயிலிருந்த ரிபனை எடுத்தார். "இல்லை. நான் வீட்டிலை நிக்கிறனான். பிள்ளையளைப் பாக்கிறனான்."

ஊருக்கு வந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் நேரான பதில். மாமி எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டார். ஒருவழியாக ஒரு பெரியவர் உண்மை பேசினாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனால், கிணற்றடியில் நின்று கழுவி வைத்திருந்த பானையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இந்த மாமியால் வந்தது, அவவுக்கு ஏன் எல்லாரும் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று நான் சண்டைக்கு நின்றேன். அம்மா பானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாமி பாவம். நான்தான் அவவைப் போனிலை கேட்டனான். மூண்டு கிழமைக்கு என்ரை பிள்ளையளை நான் பாக்கிறன், அவரைக் கிட்ட விடாதேங்கோ எண்டு."

அது தேவையில்லாத வேலை, உங்களுக்குத்தான் ஏலாதே என்றேன். நான் சொன்னதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். இன்னும் நோகுதோ என்று கேட்டபடி என் தலையைத் தடவ வந்தார். நான் சட்டென்று பின்னால் நகர்ந்தேன்.

"தொடாதேங்கோ அம்மா, பின்னல் குழம்பிப்போடும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அதை அவர் ஏன் கீழே இறக்காமல் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தேர் வெளிக்கிடப் போகிறதே, இவர் இன்னும் மினக்கெடுகிறாரே என்ற எரிச்சலில் அப்பாவைத் தேடிக்கொண்டு ஓடினேன்.