இருபத்தொரு வருஷமாக ஸ்பேர்

என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன் என்னிடம் கேட்பார். "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்பார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது. ஃபிரிட்ஜ் அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது, தண்ணீர் அவரே பிடித்து வைத்தது. முதல் வருஷம் இதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். இரண்டாம் வருஷம் எரிச்சல் வந்தது. அப்புறம், "வேணாம், அது பக்கத்து வீட்டுத் தண்ணி" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதைக் கேட்டும் ஒரு நொடி கை தயங்கும் பாருங்கள், எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

நான் பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கூப்பிட்டால் உடனே எழுந்துவிடத் தயாராக இருக்கிற முகங்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒருவர் சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன செய்வேன்?

அவருடைய அப்பா பாலம் கட்டும் கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலை செய்தவர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த பாலம். குடும்பமும் தட்டுமுட்டுச் சாமான்களோடு பின்னாலேயே போகும். பாலம் என்ன பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தைப் பார்த்தா முடியும்? இவர் எட்டாவது முடிப்பதற்குள் ஏழு பள்ளிக்கூடம் பார்த்தவர். எல்லாமே நடு வருஷத்தில். வருகைப் பதிவேட்டில் மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் அகர வரிசையில் அழகாக இருக்க, இவர் பெயர் மட்டும் கடைசியில், வேறு மையில், இடுக்கி எழுதியிருக்குமாம். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

நாலாவது பள்ளிக்கூடத்தில் நடந்தது வேறு. முதல் நாள் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பையன் பென்சில் கடன் கொடுத்தான், ஒரு வாரத்தில் சிநேகிதமாகிவிட்டார்கள். எட்டாம் நாள், காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பையன் திரும்பி வந்து பெஞ்சுப் பக்கத்தில் நின்றான். வாத்தியார், "அது அவன் இடம், நீ எந்திரி" என்றார். எழுந்தார். வேறு எங்கே உட்காருவது என்று வாத்தியார் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கதவோரம் சாக்பீஸ் வந்த மரப்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பாலம் முடிகிற வரைக்கும், நாலு மாதம், அதன்மேல்தான் உட்கார்ந்தார். பென்சில் கொடுத்த பையன் அதற்கப்புறம் இவர் பக்கம் திரும்பவே இல்லையாம். அந்த வாத்தியார் மட்டும் இன்றைக்கு என் கையில் கிடைத்தால் நடப்பதே வேறு.

வளர்ந்து பஸ் டிரைவர் ஆனார். டிப்போவில் ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு டிரைவர் உண்டு. அவர் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் அந்த பஸ்ஸை எடுப்பவர் ஸ்பேர் டிரைவர். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு மூன்று வருஷம் ஸ்பேராக இருப்பார்கள், அப்புறம் ஒரு ரூட் கிடைத்துவிடும். இவர் இருபத்தொரு வருஷமாக ஸ்பேர். கிடைக்காமல் இல்லை. ஒவ்வொரு தடவையும், "இருக்கட்டும் சார், யாராவது குழந்தைகுட்டிக்காரங்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். எங்கள் வீட்டில் இருக்கிற மகள் என்ன, பொம்மையா?

டிப்போவில் இவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். சாயங்காலம் வண்டியை விடும்போது சீட்டை அந்த பஸ்காரர் வைத்திருந்த அதே அளவுக்குத் தள்ளி வைப்பார், கண்ணாடிகளை அவருடைய உயரத்துக்குத் திருப்பி வைப்பார். யார் யாருக்கு சீட் எத்தனை படி பின்னால், எவ்வளவு சாய்வு என்று எல்லாம் மனப்பாடம். மறுநாள் வந்து உட்காருகிறவருக்கு, நேற்று இங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார் என்றே தெரியக்கூடாது. கேன்டீனில் சுவரோரம் நின்றபடி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். யாருக்கும் கெடுதல் இல்லை, யாருக்கும் பிடிகொடுப்பதும் இல்லை.

போன மாதம் டிப்போவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் ஸ்பேர் என்று யாரும் கிடையாது. புதிதாக ஒரு ரூட் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா டிரைவர்களும் கேன்டீனில் கூட வேண்டும், சர்வீஸ் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தனக்கு வேண்டிய ரூட்டைச் சொல்ல வேண்டும். ரூட் வேண்டாதவர்கள் எழுதிக் கொடுத்தால், அஞ்சு மணி நேரப் பயணத்தில் இருக்கிற புது டிப்போவுக்கு அடுத்த வாரமே மாற்றல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "நான் எழுதிக் குடுத்துட்டேன்" என்றார்.

"என்னத்த?"

"மாற்றல்தான். சர்வீஸ்ல நான் மூணாவது. புது ரூட்டுக்கும் ஒருத்தர் காத்திட்டிருக்காரு, மத்தபடி நான் எந்த ரூட்ட எடுத்தாலும் அது இன்னொருத்தரோடதா இருக்கும். அவர் எந்திரிச்சு வேற ரூட்டுக்குப் போவணும், அந்த ரூட்காரர் இன்னொண்ணுக்குப் போவணும். எதுக்கு இத்தன பேருக்குத் தொந்தரவு? நாம மூணு பேர்தான, போயிடலாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கக் கேட்கிற மனுஷன், ஊரை விட்டுப் போகக் கேட்கவில்லை!

"பாப்பா ஆறாவது படிக்கிறா. வருஷம் பாதிதான் ஆயிருக்கு. நாலு வருஷமா யார்கூடயும் ஒட்டாம இருந்தவளுக்கு இப்பதான் ஒரு ஃப்ரெண்ட் கெடச்சிருக்கா. நடு வருஷத்துல கொண்டுபோய் இன்னொரு ஸ்கூல்ல தள்ளினா, உங்க பொண்ணு எந்தப் பெட்டி மேல உக்காருவா? சொல்லுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். ஆனால் வாயை மூடவில்லை. அடுத்த அறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகமே இல்லை. மறுநாள் காலையில் அவரே போய் அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கி வந்தார். மகளிடம் நாங்கள் இருவருமே எதுவும் சொல்லவில்லை. முடிவாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடவே போனேன். "நீ எதுக்கு?" என்றார். "சும்மாதான்" என்றேன். கடைசி நேரத்தில் பல்டி அடிப்பார் என்று எனக்குத் தெரியாதா? கேன்டீன் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டேன். உள்ளே நாற்பது டிரைவர்கள். பலகையில் ரூட் நம்பர்கள் எழுதியிருந்தன. முதல் இரண்டு பேரும் எழுந்து தங்கள் பழைய ரூட்டையே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாவதாக மேனேஜர் இவரைக் கூப்பிட்டார்.

சுவரோரம் நின்றிருந்த இவர் ஓரடி முன்னால் வந்தார். பலகையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "எல்லாரும் எடுத்துக்கட்டும் சார். மிச்சம் இருக்கறத நான் கடைசியா எடுத்துக்கறேன்" என்றார்.

எனக்கு ஜன்னல் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே குதிக்கலாமா என்றிருந்தது. அதற்குள் ஒரு நாற்காலி கரகரவென்று நகர்ந்தது. எழுந்தவர் பன்னிரண்டாம் நம்பர் ரூட் டிரைவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். டிப்போவில் அவரைப் பன்னெண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சர்வீஸில் இவருக்கு அடுத்தவர்.

"யோவ், உனக்கு எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றார் பன்னெண்டு. "இருபத்தொரு வருஷத்துல ஒரு நாள் இந்த மேஜைல உக்காந்து டீ குடிச்சிருக்கியா? என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தியே, உள்ள வந்தியா? வாசல்ல நின்ன வாட்ச்மேன் கையில பரிசக் குடுத்துட்டு ஓடிட்ட. நான் என்ன தப்புப் பண்ணேன், இந்த ஆளு ஏன் என் வீட்டுப் படி ஏறலன்னு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்யா. என் பொண்டாட்டி இன்னும் கேக்குறா. நாங்க என்ன உனக்கு ஆகாதவங்களா?"

"நான்... தொந்தரவா இருக்கக்கூடாதுன்னு..." என்று இவர் இழுத்தார்.

"தொந்தரவாம்! உன்ன யாருய்யா வேணாம்னது?"

இவர் பன்னெண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் வராத இடத்தில் தன்னை ஒருவர் தேடியிருப்பார் என்பது இந்த மனுஷனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை, அது அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கே அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை நாள் இவரை யாரும் உள்ளே விடவில்லை என்றுதான் நான் பரிதாபப்பட்டிருக்கிறேன். இவர் யாரையும் உள்ளே விட்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

மேனேஜர் பொறுமையிழந்து, "ரூட்டச் சொல்லுப்பா" என்றார்.

"பன்னெண்டு சார்."

"கூப்பிடாதய்யா அவர, ரூட்டச் சொல்லு."

"ரூட்தான் சார். பன்னெண்டாம் நம்பர். எங்க தெரு வழியா போறது. எனக்கு ரொம்ப நாளா ஆச."

ஐயோ, அந்த நிமிஷம்! பன்னெண்டு திறந்த வாயை மூடவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். இத்தனை வருஷமாக ஆசையை எங்கே வைத்திருந்தார் இவர்? என்னிடம்கூடச் சொன்னதில்லையே!

"அடப்பாவி" என்றார் பன்னெண்டு. "உள்ள வாடான்னா, என் கட்டில்லயே வந்து படுக்குறியே!" முகம் சிவந்துதான் இருந்தது, விளையாட்டுக் கோபம் இல்லை. பன்னெண்டு வேண்டாவெறுப்பாக வேறொரு ரூட்டைச் சொன்னார், போகும்போது கதவைக் கொஞ்சம் ஓங்கியே சாத்தினார். ஆனாலும் இவர் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, "அவர் என்மேல கோவமா இருக்காரு" என்று மூன்று தடவை சொன்னார். "இருக்கட்டுமே, கோவப்படறதுக்கு ஒரு ஆள் கெடச்சாரே" என்றேன்.

வீட்டில் மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "குட்டி, நாம எங்கயும் போகல. அப்பாவுக்கு இங்கயே ரூட் கெடச்சிருச்சு" என்றார். துள்ளிக் குதிப்பாள் என்று நான் நினைத்தேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றாள்.

"ஏன்டா?"

"நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டப்பவே எனக்குக் கேட்டுச்சு. அதனால புதன்கிழமைல இருந்து சுருட்டைகூடப் பேசறத நிறுத்திட்டேன். பக்கத்துல வந்து உக்காந்தா எந்திரிச்சுப் போயிட்டேன். இப்பவே பழகிக்கிட்டா போகும்போது கஷ்டமா இருக்காதுல்ல."

சுருட்டை என்பது அவளுடைய அந்த ஒரே சிநேகிதி. சுருட்டை முடிக்காரி. அழாமல், கணக்குப் பாடம் ஒப்பிப்பது போல இதைச் சொன்னாள் என் மகள். இதை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம், அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு செருப்பு காலில் இருந்தது, ஒன்று கையில் இருந்தது. பிறகு கையில் இருந்த செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "எந்திரி, அவங்க வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"அவ கோவமா இருப்பாப்பா."

"இருப்பா. போலாம்."

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மூன்றாவது மாடி. நான் பின்னாலேயே போனேன். இவரே மணியை அழுத்தினார். சுருட்டையின் அம்மா கதவைத் திறந்து, எங்களைப் பார்த்ததும், "உள்ள வாங்க" என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார் என்று சொல்ல ஆசைதான். இல்லை, நுனியில்தான் உட்கார்ந்தார். ஆனால் உட்கார்ந்தார்.

சுருட்டை வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இவர்தான் அந்தப் பதினோரு வயதுப் பெண்ணிடம், பெரிய மனுஷியிடம் பேசுவது போலப் பேசினார்.

"இவ உன்கூடப் பேசாம இருந்தது இவ தப்பு இல்லம்மா. நாங்க ஊர விட்டுப் போறோம்னு நெனச்சுக்கிட்டா. போறதுக்கு முன்னாடியே விட்டுட்டா வலிக்காதுன்னு நெனச்சிருக்கா. அது என்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம். ஆனா வலிக்கும். எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு, இன்னும் வலிக்குது. நாங்க எங்கயும் போகல. நீ இவகூடப் பேசணும்."

சுருட்டை யோசித்தாள். பெரிய தீர்ப்பு சொல்கிற தோரணை.

"பேசுவேன். ஆனா இவ மூணு நாளா என் பக்கத்துல உக்காரலல்ல, அதனால நான் வேற ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்துட்டேன். அவள இப்போ எந்திரிக்கச் சொல்ல முடியாது."

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பகீரென்றது. நான் இவரைப் பார்த்தேன்.

"சொல்ல வேணாம்" என்றார். "அப்ப இவ எங்க உக்காருவா?"

சுருட்டைக்குக் கேள்வியே புரியவில்லை. இது தெரியாதா என்பது போல இவரைப் பார்த்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் நகந்து உக்காருவோம் அங்கிள்."

சொல்லிவிட்டு என் மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சுருட்டையின் அம்மா டீ போடட்டுமா என்று கேட்டார். இவர் எங்கள் எல்லார் முன்னாலும் அழுதுகொண்டிருந்தார்.