மாமாவின் சிடிகளுக்கு ஒரு பிளேயர்

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில், பழைய ஆடியோ சாமான் விற்கும் கடைக்காரர் "என்ன விலைக்குள் பார்க்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை. "எப்படிப்பட்ட சத்தம் பிடிக்கும்?" என்று கேட்கிறார். எங்கள் ஊர் மரக்காணத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அங்கே சத்தம் ஒன்றுதான். கூட்டலாம், குறைக்கலாம்; குறைத்து நான் பார்த்ததில்லை. கடைக்காரர் ஹோல்கர், "வார்ம் வேண்டுமா, கால்ட் வேண்டுமா?" என்றார். மெஷின் சூடாவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "கால்ட் போதும், எங்கள் ஊரே சூடு" என்றேன். அவர் கேட்டது சத்தத்தின் குணத்தையாம்; பெரிய ரசிகனைப் பார்ப்பதுபோல் தலையசைத்தார். வீடு எப்படிப்பட்ட இடம் என்றார். கடற்கரைப் பக்கம், எப்போதும் உப்புக்காற்று என்றேன். கடற்கரையில் வீடு என்றால் இந்த நாட்டில் கோடீஸ்வரன். உடனே மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அந்த விலைக்கு மரக்காணத்தில் ஒரு பழைய பைக் வாங்கி, அதில் ஸ்பீக்கரும் கட்டி ஓட்டலாம்.

பிளேயர் எனக்கில்லை, என் அக்காவின் கணவருக்கு. மாமா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சிடி கடை வைத்திருந்தவர். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் கடை போயிற்று. இப்போது உப்பு லோடு ஏற்றும் இடத்தில் எடை பார்க்கிறார். விற்காத சிடிகள் வீட்டு பீரோவுக்குள் குடியேற, அக்காவின் பட்டுப்புடவைகள் சூட்கேஸுக்குப் போயின. ஆம்ப்ளிஃபயரும் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் இன்னும் ஹாலில் நிற்கின்றன. பிளேயரை மட்டும் உப்புக்காற்று தின்றுவிட்டது. புதிதாக வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போனால், அங்கே அவரிடம் ஒரு பென்டிரைவை நீட்டினார்களாம்.

அக்கா போன் செய்தாள். "டேய், போகிக்கு வரும்போது உங்க மாமாவுக்கு ஒரு பிளேயர் கொண்டா. இல்லன்னா அத்தனையும் காயலாங்கடைக்குப் போட்டுட்றேன்." பின்னாலிருந்து மாமா குரல்: "மச்சான், வெல கம்மியா பாருப்பா. ஆனா நல்லா பாடணும்."

இணையத்தில் தேடினேன். ஒருவர் ஒயரை மாற்றினால் பாடகியின் மூச்சு கேட்கும் என்கிறார். இன்னொருவர் பிளேயர் மேல் கல் வைக்கச் சொல்கிறார். குழம்பிப்போய் என் புத்திக்கு எட்டியதை முடிவு செய்தேன். ஆம்ப்ளிஃபயர் இருப்பதால், பெட்டியின் பின்னால் சிவப்பு, வெள்ளை இரண்டு ஓட்டை இருந்தால் போதும். ரிமோட் வேண்டாம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்த சிடியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். மாமாவின் சரக்கில் பாதி, சுற்றுவட்டாரத் திருவிழாக் கச்சேரிகளில் அவரே பதிவு செய்தது. யூட்யூபில் தேடினாலும் கிடைக்காது. என்னிடம் அதில் ஒன்று இருந்தது. கடைக்குக் கொண்டுபோனேன்.

மேல்தட்டுப் பெட்டி அதை வாங்கிப் பார்த்து, "நோ டிஸ்க்" என்றது. விசாவுக்குப் போனபோது என் காகிதங்களைப் பார்த்த அதே முகம். கீழ்த்தட்டில் தூசி படிந்துகிடந்த கறுப்புப் பெட்டியோ இருமுவதுபோல் இரண்டு முறை சுழன்று, பாட ஆரம்பித்தது. பாதிப் பாட்டில் மைக்கில் ஒருவர், "சாமி வருது, வேனை எடுங்கப்பா!" என்று கத்தினார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ஹோல்கர், "இது பிரார்த்தனையா?" என்றார். "ஒருவகையில்" என்றேன். விலையைக் குறைத்தார்.

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். சிடி பிளேயர் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஃபாரின்ல இன்னா சார் வேலை?" என்று பரிதாபமாகக் கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல், "போங்க" என்றார்.

வீட்டில் மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒயரைச் செருகினார். பாடியது. தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்தன. அடுத்த சிடி பாடவில்லை. அதற்கடுத்ததும் பாடவில்லை. மாமா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூச்சி அரித்த இலைபோல் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. பிளேயரைத் தின்ற காற்று சிடியை விட்டுவைக்குமா? கடல் தாண்டி ஆராய்ச்சி செய்த எனக்கும் இது தோன்றவில்லை.

"காயலாங்கடைக்காரன கூப்புடு" என்று சொல்லிவிட்டு, மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அக்கா கூப்பிடவில்லை. பீரோவைத் திறந்து, சிடிகளை மடியில் அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கலாம். பாடறது இருக்கட்டும்."

அன்று பகல் முழுக்க அதே வேலை. பாடாத ஒவ்வொன்றையும் மாமா தூக்கிப் போட, அக்கா எடுத்து முந்தானையால் துடைத்து, "இன்னொரு வாட்டி போடு" என்றாள். பீரோ காலியாக வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டவள் அவள்தான்.

பிழைத்தவை ஒரு துணிப்பைக்குள் அடங்கின. நான் கிளம்பும்போது மாமா அதில் பாதியை என் பெட்டியில் வைத்தார். "ரெண்டு காப்பி இருக்கறது இங்க இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு இருக்கறத நீ எடுத்துக்கினு போ. உங்க ஊர்ல உப்புக்காத்து இல்ல."

"என்கிட்ட பிளேயர் இல்லியே மாமா."

"கேக்கறதுக்கா குடுக்கறேன்? கெடாம இருக்கறதுக்குப்பா."

ஹோல்கரிடம் இன்னொன்று வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு கரண்டி விழுந்தாலே கீழ்வீட்டு அம்மையார் மேலே வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரிக்கிறார். அக்கறை என்று நினைத்து முதல் தடவை டீ போட்டுக் கொடுத்தேன். அது புகார் என்று பிறகுதான் புரிந்தது. மாமாவின் பாட்டுகள் மெதுவாகக் கேட்பதற்காகப் பாடப்பட்டவை அல்ல. அதனால் அவை என் அலமாரியில் ஸ்வெட்டர்களுக்கு நடுவில் இருக்கின்றன.

சில ஞாயிறுகளில் மாமா போன் செய்வார். "மச்சான், அந்த நீல கவர்ல நாலாவது பாட்டு இன்னா?" தேடியெடுத்து, அவருடைய கோணல் எழுத்தைப் படித்துச் சொல்வேன். "ஆங், அதான்!" என்று பாட ஆரம்பிப்பார். போன வாரம் இரண்டு அடி பாடினார். மூன்றாவது அடி வரவில்லை. "இர்றா, இர்றா" என்றார். அப்புறம் போனில் காற்று மட்டும் கேட்டது. மூன்றாவது அடி என் கையில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.