பழி போட்ட வாய்

சகோதரிகளே, இதைச் சாந்தமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அல்லாஹ் நான் கேட்ட துஆவை ஏற்றுக் கபூலாக்கினான். அதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

போன நோன்பு மாதத்தில் என் மகள், விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழும்பாமலேயே நோன்பு பிடித்தாள். பெண்கள் குர்ஆன் ஓதும் வீட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். என் கணவரின் உடன்பிறந்த ராத்தா, நான் மதினி என்று கூப்பிடுபவர், அது பசி மயக்கம் என்று தெரிந்தும் வலிப்பு என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டார். மகளுக்குப் பேசி வைத்திருந்த சாய்ந்தமருதுப் பையனின் உம்மாவும் அங்கே இருந்தார். சம்பந்தம் முறிந்தது. வலிப்பு ஒரு குற்றமில்லை. ஆனால் எங்கள் பக்கம் கல்யாணமாகாத ஒரு குமருக்கு அந்தப் பேர் வந்தால் பிறகு யாரும் வாசலை மிதிக்க மாட்டார்கள். மகள் அறையே கதி என்று கிடந்தாள்.

நெற்றி நிலத்தில் பட்ட ஒவ்வொரு ஸஜ்தாவிலும் கேட்டேன்: "யா அல்லாஹ், என்ட புள்ளைக்குப் போட்ட பழிய, போட்ட வாயாலேயே எடுக்க வை."

மதினிக்கு மக்காவுக்கு உம்ராப் பயணம் சரிவந்தது. போகுமுன் செய்த பிழைகளுக்கு வீடு வீடாக மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டுக்கும் வந்தார். வந்த ஆட்டோவின் இன்ஜினைக்கூட நிற்பாட்டச் சொல்லவில்லை.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்புச் செய்ங்க."

எனக்குப் பற்றி எரிந்தது. "தெரியாம என்ன மதினி செஞ்சீங்க? தெரிஞ்சுதானே செஞ்சீங்க. என்னட்டக் கேட்டு என்ன, உள்ளுக்க இரிக்கிறாளே, அவளிட்டக் கேளுங்க."

மகளே வெளியே வந்தாள். "மாப்புத் தாறன் மாமி. அதுக்கு முதல்ல, சொன்ன இடத்துக்கே போய் அது பொய்யெண்டு சொல்லுங்க."

மதினி ஆட்டோவில் ஏறிப் போனார். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி இன்னும் நாலு கேட்காமல் விட்டேனே என்று பொருமினேன். அவர் சொல்வார் என்று நான் நம்பவேயில்லை.

அடுத்த வெள்ளி அதே ஓதுகிற வீட்டுக்கு மகளும் என்னோடு வந்தாள். அங்கே பையனின் உம்மாவும் இருக்க, மதினி எழும்பினார். "இந்தப் புள்ளைக்கு வலிப்பு இல்ல. நான் சொன்னது பொய். இதோட கஃபாவுக்கு முன்னால போய் நிக்க எனக்குப் பயமா இரிக்கி."

மகள்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அல்ஹம்துலில்லாஹ், நான் கேட்டபடியே நடந்தது.

பையன் வீட்டார் திரும்பக் கேட்டு வந்தார்கள். "பொய்ய நம்பி ஓடின ஆக்கள் எனக்கு வேணாம்" என்றாள் மகள். இப்போது கல்யாண வீடுகளுக்கு எனக்கு முன்னே புறப்படுகிறாள். என் வாசலில் இனி யார் பிள்ளையைப் பற்றியும் கதைக்க விடுவதில்லை.

என் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. மறைக்க மாட்டேன். அநியாயம் செய்யப்பட்டவர்களே, அவனிடம் கேளுங்கள், அவன் கைவிட மாட்டான். செய்தவர்களே, "தெரிஞ்சோ தெரியாமலோ" என்று என் வாசலுக்கு வராதீர்கள். பொய் சொன்ன வீட்டுக்குப் போங்கள்.