செல்லம் ஏன் ஏலத்தை விடவில்லை

விற்க முடியாது என்று தெரிந்தே ஒருத்தி நாள் தவறாமல் விலையை ஏற்றி ஏற்றி மீனை ஏலம் எடுத்தால், அவளை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? பேராசைக்காரி என்றா? புத்தி பிசகியவள் என்றா? கோட்டுச்சேரிமேடு என்ற மீனவ ஊரில் இரண்டையும் சொன்னார்கள். மூன்றாவதாக, அவள் மேல் ஏதோ இறங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

செல்லத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இல்லை, மகள் வெண்மதியோடு இருக்கிறார். படகு ஒதுங்குமுன்பே அலுமினியக் கூடையோடு கரைக்கு வந்துவிடுவார். ஏலம் கூறுகிறவருக்கு எதிரே நிற்கமாட்டார், அவர் தோளுக்குப் பின்னால்தான் நிற்பார். “மூஞ்சியப் பாத்தா வெலைய ஏத்துவானுங்க.” மனதில் ஒரு விலை வைத்துக்கொள்வார். அதைத் தாண்டினால் எப்பேர்ப்பட்ட மீனானாலும் வாய் திறக்கமாட்டார். எடுத்ததை மதியத்துக்குள் பக்கத்து ஊரான நெரவியின் தெருக்களில் விற்று முடித்துவிடுவார். பேரத்தை இழுப்பவர்களிடம், “மீனு ஏற்கனவே செத்துடுச்சு, என்னையும் ஏங்க சாவடிக்கிறீங்க?” என்பார். முப்பது வருடம் இப்படித்தான் போனது.

இரண்டு வருடத்துக்கு முன் வலது கை நடுங்கத் தொடங்கியது. செதில் சீவும்போது கத்தி வழுக்கி விரலைக் கிழித்தது. டவுனில் ஒரு டாக்டர் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை எழுதினார். சில வாரங்களில் கை அடங்கியது. நான்கு மாதத்தில் வேறொன்று ஆரம்பித்தது.

முதலில் ஒரு கூடை கூடுதல். பிறகு மூன்று. பிறகு நெரவியே திரண்டு தின்றாலும் தீராத மத்தி. முதல் குவியலை எடுத்தால்தான் அன்றைய போணி நன்றாயிருக்கும் என்பது மீன்காரப் பெண்களின் நம்பிக்கை. செல்லத்துக்கு அந்தப் பிடிவாதம் முற்றிவிட்டது என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். வெண்மதியின் தோடு அடகுக்குப் போனது. “ம்மா, வீடே நாறுது. யாருக்கும்மா இவ்வளவு?” என்று அவள் அழுவாள். “நாளைக்கு எடுக்கல, போடி” என்பார் செல்லம். மறுநாளும் எடுப்பார்.

“மீனு வேணும்னு இல்லைங்க,” என்று, இதை எழுதுவதற்காகப் போய்க் கேட்ட என்னிடம் சொன்னார். “ஏலம் கூறுறவன் ‘ஒரு தரம்’னு சொல்றப்பவே நெஞ்சுக்குள்ள பம்பரம் சுத்துது. கூடைக்குள்ள விழுந்ததும் சப்புன்னு போயிடுது. உடனே அடுத்த குவியல் மேல கண்ணு போவுது.”

இதை முதலில் மோப்பம் பிடித்தவன் ஏலம் கூறும் சிவக்குமார். அவன் எந்த உளவியல் புத்தகத்தையும் படித்தவனில்லை. படித்தவனைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான். “செல்லக்கா நிக்கிறப்ப வேற எவனுக்குடா தில்லு?” என்று ஏற்றிவிடுவான். தன் ஆளை விட்டு எதிர்விலை கேட்க வைப்பான். பல நாள் பிழிந்துவிட்டு, ஒரு நாள் நல்ல சங்கரா மீனை மலிவாகத் தள்ளிவிடுவான். அந்த ஒரு நாள் எது என்று செல்லத்துக்குத் தெரியாது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் மனிதரை விடாமல் கட்டிவைக்கும். சூதாட்டக்காரர்கள் பிழைப்பது அதில்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர்கூடத் தடுக்கவில்லை.

சொந்தக்காரர்கள் ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போனார்கள். செத்த கணவன் பிடித்திருக்கிறான் என்று சொல்லி அவன் வேப்பங்குச்சியால் அடித்தான். தடித்த முதுகோடு செல்லம் மறுநாள் ஏலத்துக்கு வந்தார். “பேய் புடிச்சவ இங்க நிக்கக் கூடாது” என்று கரைப் பெரியவர்கள் விலக்கி வைத்தார்கள். ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறிக்க அவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

பேய் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே மடித்து வைத்த தாளில், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் பக்க விளைவுகளை அச்சடித்திருந்தது: அடக்க முடியாத சூதாட்டம், வாங்கிக் குவித்தல். டோபமின் என்ற மூளைச் சுரப்பு குறைவதால்தான் இந்த நோயில் கை நடுங்குகிறது. எதிர்பார்த்ததைவிட நல்லது நடக்கும்போது ‘இதையே மறுபடி செய்’ என்று மூளைக்குப் பாடம் சொல்வதும் அதே டோபமின்தான். செல்லத்துக்குக் கொடுத்த மாத்திரை டோபமினைப் போல வேலை செய்வது. அது கையை நிறுத்தியது. சிலருக்கு நேர்வதுபோல, ஆசைக்கு இருந்த கடிவாளத்தையும் அவிழ்த்துவிட்டது.

அந்தத் தாளோடு செல்லம், வெண்மதி, நான் மூவரும் டாக்டரிடம் போனோம். “கையாட்டம் நின்னுச்சா இல்லையா? அப்புறம் என்ன?” என்றார். தாளை விரித்து வைத்ததும் குரல் இறங்கியது. முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா பயந்துகிட்டு மாத்திரையே போட மாட்டாங்க சார்.” செல்லம் நிமிர்ந்தார். “முதுகுல அடி வாங்குனதுக்குப் பதிலா, பயந்தே போயிருப்பேனே அய்யா!”

டாக்டர் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். பம்பரம் அடங்கியது, நடுக்கம் கொஞ்சம் திரும்பியது. டாக்டரிடம் கடிதம் வாங்கிப்போய் வெண்மதி பெரியவர்களோடு மல்லுக்கு நின்றாள். “ஒரு நாள் நிக்கட்டும், பாப்போம். பழையபடி ஆடுனா அதோட சரி” என்றார்கள்.

அந்த ஒரு நாள் போன வியாழக்கிழமை. சிவக்குமார் சங்கராவைத்தான் முதலில் கொட்டினான். “செல்லக்கா, கண்ணப் பாருங்க, உங்களத்தான் பாக்குது!” செல்லம் மூன்று முறை விலை கேட்டார். அவன் ஆள் ஏற்றினான். மனதில் வைத்த விலையைத் தாண்டியதும் செல்லம் நிறுத்திக்கொண்டார். “என்னக்கா, கை நடுங்குது? பயமா?” கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. எதிர்விலை கேட்ட ஆளின் தலையிலேயே சங்கரா விழுந்தது. செல்லம் நடுங்கும் கையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினார். “நடுங்குதுடா. நடுங்குனாலும் இது என் கை.” அதே கையால் கூடையை எடுத்துக்கொண்டு மத்திக் குவியலுக்குப் போனார்.

உங்கள் வீட்டில் கைநடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா? அவருக்குப் புதிதாக ஏதாவது ஆசை முற்றியிருக்கிறதா என்று இன்றே உட்கார்ந்து பேசுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டர் முன்னால் போய் உட்காருங்கள். பதில் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.