பஜ்ஜி போட்டதற்கு வந்த நோட்டீஸ்

டீக்கடைக்கு எதற்கு வக்கீல் என்று கேட்டவள் நான். செம்பாக்கத்தில் நானும் கணவரும் நடத்துவது ஒரு டீ கம்பெனியின் ஃபிரான்சைஸ் கடை. பெயர்ப்பலகை அவர்களுடையது, முதுகுவலி எங்களுடையது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டீஸ் வந்தது. மெனுவில் இல்லாத வாழைக்காய் பஜ்ஜியை விற்றுவிட்டோமாம். ஒப்பந்தம் ரத்து, பலகையைக் கழற்றிக் கடையை ஒப்படைக்க வேண்டுமாம். நேரே கம்பெனிக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். கணவர் என்னைக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

வக்கீலம்மா சொன்னது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் பதில் அனுப்பக்கூடாது, பலகையைத் தொடக்கூடாது, கடையை மூடக்கூடாது, மாதாமாதம் கம்பெனிக்குப் போகிற பங்கையும் நிறுத்தக்கூடாது. தகராறு வந்தால் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருப்பதால், அவர்களை இங்கேயே வரவழைக்கிறேன் என்றார். பஜ்ஜி போடுவது கம்பெனிக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். கணவர் அவசரமாக, தெரியாது என்றார்.

வரும் வழியெல்லாம் கணவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கடையைச் சோதிக்க வரும் கம்பெனி அதிகாரிக்கு வாராவாரம் பஜ்ஜித் தட்டை நீட்டியிருக்கிறோம், காசு வாங்கியதில்லை. வந்தவரை வெறும் டீயோடு அனுப்ப எங்களுக்கு மனசு வராது. ஆனால் சட்டத்தில் அது லஞ்சமாகிவிடும், வாயைத் திறக்காதே என்பது கணவரின் உத்தரவு. கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை.

"வாராவாரம் என் பஜ்ஜிய தின்னுட்டு, இப்ப நோட்டீஸ் அனுப்புறாங்க மேடம். மழைக்கு வெறும் டீ ஓடாது, ஒரு சட்டி வைங்கக்கான்னு சொன்னதே செக்கிங்குக்கு வர்ற கம்பெனி ஆளுதான்."

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வக்கீலம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இத ஏன் சார் மறைச்சீங்க? தெரிஞ்சே இத்தன நாள் விட்டுட்டு, இப்ப திடீர்னு தப்புன்னா எப்படி? இதான் நம்ம கேஸே."

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. கணவரை ஒரு பார்வை பார்த்தேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்த அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் இதெல்லாம் செல்லும். ஒப்புக்கொண்டால் அவர் வேலைக்கே ஆபத்து. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை போய்விடும்.

பேச்சுவார்த்தைக்குக் கம்பெனியின் மேலாளர் அந்த அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதிகாரியின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். வக்கீலம்மா சுற்றி வளைக்காமல், பஜ்ஜி போடுவது உங்களுக்குத் தெரியுமா என்று அவரையே கேட்டார். மேலாளர் திரும்பி அவரை முறைத்த முறைப்பில் எங்கள் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"தெரியும் சார். நான்தான் போடச் சொன்னேன். சேல்ஸ் ஏறிடுச்சுன்னு மீட்டிங்ல எனக்குக் கைதட்டுனீங்களே, அது அக்கா போட்ட பஜ்ஜி சார்."

மேலாளர் தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. நோட்டீஸை வாபஸ் வாங்குவதாகவும், பஜ்ஜி தொடரலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கடை என்னிடமே இருந்தது. விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அங்கேயே அடித்திருப்பேன்.

மேலாளர் போன பிறகு அந்த அதிகாரி மாடிப்படியில் தயங்கி நின்றார். இந்த வாரமும் கடைக்கு வந்துவிடுங்கள் தம்பி என்று மட்டும் சொன்னேன்.

"இனிமே இந்த ஏரியாவுக்கு என்னை அனுப்ப மாட்டாங்கக்கா," என்றார். "சண்டே வரேன். ஆனா பஜ்ஜிக்கு நீங்க காசு வாங்கிக்கணும்."